பென்சிலில் எழுதிய தேதி

படூரில் உட்கார்ந்துகொண்டு கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் வடிவமைக்கிறேன். தேதி கேட்டவர்கள் மூன்று நாளில் உறுதி செய்யாவிட்டால் கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடும். அந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதைக் காட்ட கோவளத்தில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். போன வருடம் ஆவணியில் நடக்கவிருந்த என் கல்யாணத்துக்கு நானே தேதி கேட்டிருந்த மண்டபம். நிச்சயத்துக்கு முன்பே, என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் விலகிவிட்டார். திரும்பி வருவார் என்ற நினைப்பில், தேதி வேண்டாமென்று சொல்லாமலே இருந்துவிட்டேன்.

மேனேஜர் அண்ணன் பழைய டைரியைப் புரட்டிக் காட்டினார்.

"கேட்டவங்க பேரு பென்சில்ல. நிச்சயம் முடிஞ்சாத்தான் பேனா."

ஆவணிப் பக்கத்தில் பென்சிலில் எங்கள் இருவர் பெயர்களும் அப்படியே இருந்தன.

"இது நீதானேம்மா? ரெண்டு வாட்டி போன் போட்டேன், எடுக்கல. வேணாம்னும் சொல்லல. அந்தத் தேதியன்னிக்கு காலைல பெருக்கி, கதவத் தொறந்து வெச்சிகினு குந்திகினு இருந்தேன்."

அவர் ரப்பரை எடுத்தார்.

"அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும்ண்ணே."

ஊருக்கெல்லாம் மூன்று நாள் கெடு வைத்தவள் நான். அந்தக் காலையில் நானும் படூரில், விலகிப்போனவர் கூப்பிடுவாரா என்று போனையே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.