குமிழிலிருந்து கையை எடுக்கச் சொன்னவன்

நம்பமுடியாத செய்திகளை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்ற ஞாயிறு, உப்பளம் பகுதி மண்டபம் ஒன்றில், நான் தோற்றேன்.

சொற்போரின் தலைப்பு: 'காற்றாலை மின்சாரத்தை மின்கம்பியோடு இணைப்பது எளிதா, அரிதா?' எளிதே என்பது என் அணி. பரிசு, சுழற்கோப்பை. தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்கு அது நிரந்தரச் சொத்து. நானோ இரண்டு முறை வென்றவன். முத்தியால்பேட்டை வீட்டில் அம்மா காலையிலேயே ஃபிரிட்ஜ் பக்கத்துப் பலகையைக் காலி செய்துவிட்டார். அங்கிருந்த ஸ்டெபிலைசர் கோப்பைக்கு வழிவிட்டுத் தரைக்கு இறங்கியது.

மண்டபத்தில் மைக்செட் லூர்து அண்ணன். ஆம்ப்ளிஃபயர் குமிழின் மேல் விரலை வைத்தபடியே அமர்ந்திருப்பது அவர் வழக்கம். பேச்சாளர் தாழ்ந்தால் ஏற்றுவார், உயர்ந்தால் இறக்குவார். என் கலைக்கு அது இழுக்கு அல்லவா?

"அண்ணே, நான் பேசறப்ப அத தொடாதீங்க. ஏத்த இறக்கம்தான் என் குரலுக்கே அழகு. நீங்க எல்லாத்தையும் ஒரே மட்டமாக்கிடறீங்க."

"யோசிச்சுதான் சொல்றியா தம்பி?"

"யோசிக்காம நான் எப்பண்ணே பேசியிருக்கேன்?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "சரி... அப்ப நா ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

தொடங்கினேன். தென்றலின் மென்மையில், ஏறத்தாழ ஒரு முணுமுணுப்பாக.

"என்னாப்பா, மைக்கு வேல செய்யலையா?" என்றது கடைசி வரிசை. பொறாமை என்று எண்ணிக்கொண்டேன். பிறகு புயலானேன்.

"காற்றாடி சுழல்கிறது! கம்பி காத்திருக்கிறது! இவ்விரண்டையும் இணைப்பது—"

ஒலிபெருக்கி வீறிட்டது. முதல் வரிசை காதைப் பொத்தியது. அடுத்த நொடி... நிசப்தம். ஆம்ப்ளிஃபயர் தன்னைத் தானே காத்துக்கொண்டு அணைந்துவிட்டது. 'எளிது' என்ற என் முத்தாய்ப்பு, மைக்கின் துணையின்றி, மேடை விளிம்போடு நின்றுபோனது.

சபை சிரித்தது. நடுவர், பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், "சிலான்ஸ்! சிலான்ஸ்!" என்று மேசையைத் தட்டினார். அமைதியாக இருக்கச் சொன்னது சபையையா, என்னையா? இன்றுவரை தெளிவில்லை.

லூர்து அண்ணன் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் கொடுத்தார். எதிரணித் தலைவி ஸ்டெல்லா அக்கா எழுந்தார். உழவர்கரைக்காரர், காற்றாலைகளை மின்கம்பியோடு இணைத்துச் சோதிக்கும் என்ஜினியர். கையிலிருந்த குறிப்புகளை மடித்துப் பையில் வைத்தார்.

"நடுவர் அவர்களே, என் வேலைய இதுக்கு மேல யாரும் வெளக்க முடியாது. காத்தும் இப்படித்தாங்க. ஒரு நேரம் முணுமுணுக்கும், ஒரு நேரம் கத்தும். அத அப்படியே கம்பியில விட்டா வோல்டேஜ் ஆடும். ஊர்ல லைட்டு மங்கும், ஃபேனு திணறும், டிவி புகையும். வோல்டேஜ் நெலையா நிக்கணும்னா, ஒரு கருவி குமிழ் மேல கை வச்சிட்டே உக்காந்திருக்கணும், லூர்து அண்ணன் மாதிரி. கம்பியில வோல்டேஜ் சட்டுனு சரிஞ்சாலும் காத்தாடி கோச்சிக்கிட்டு கம்பிய விட்டு ஓடிடக்கூடாது, நின்னு தாங்கணும். இதெல்லாம் செய்யறவர டீ குடிக்க அனுப்பிட்டு, எளிதுன்னா எப்படி தம்பி?"

மண்டபம் அதிர்ந்தது. லூர்து அண்ணன் எழுந்து கும்பிட்டார். மேடைகளின் வரலாற்றில் கைதட்டல் வாங்கிய முதல் மைக்செட்காரர் அவராகத்தான் இருப்பார்!

நாம் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் சுழலும் இறக்கையைத்தான். அந்தச் சுழற்சியை ஊர் தாங்கும்படி செய்பவரை நம்மில் எவர் பார்க்கிறார்?

மறுப்புரைக்கு எனக்கு இரண்டு நிமிடம். மைக்குக்குப் போகும் முன் லூர்து அண்ணனிடம் போனேன்.

"அண்ணே... கைய வச்சுக்குங்க."

"எடுக்கவே மாட்டேன், நீ பேசு."

அந்த இரண்டு நிமிடமும் என் குரல் கடைசி வரிசைவரை சீராகச் சென்றது. ஆகவே, நான் தோற்பதை ஒருவர்கூடத் தவறவிடவில்லை.

கோப்பை உழவர்கரைக்குப் போயிற்று. வெறுங்கையோடு வந்த என்னை அம்மா பார்த்தார். தரையில் கிடந்த ஸ்டெபிலைசரைத் துடைத்து, மீண்டும் பலகையில் ஏற்றினார்.

"இத்தன வருசமா வேல செய்யுதே... ஒரு நாளாச்சும் இது பேசியிருக்குதா?"