பழைய பேப்பரோடு போன பூ

2013 ஜூன் 15, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, என் அத்தையின் நான்கு மாத உழைப்பைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா கொடுக்கச் சொன்னது பால்கனியில் இருந்த பழைய பேப்பர்க் கட்டை மட்டும்தான். ஆனால் சொன்ன வேலையை மிச்சமில்லாமல் முடிக்கும் குணம் எனக்கு உண்டு. அத்தையின் கட்டிலுக்கடியில் இரு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டியிருந்த செய்தித்தாள்களையும் அவிழ்த்துக் கொடுத்தேன். உள்ளே ஏதோ சருகு இருந்தது. பலகைகளை மட்டும் கவனமாகத் திரும்ப வைத்தேன்.

அத்தை மூலிகைகளிலிருந்து புது மருந்து தேடும் ஆய்வகமொன்றில் வேலை செய்தார். காட்டில் பறித்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தினமும் தாளை மாற்ற வேண்டும். தவறினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே விடுமுறை நாட்களில் கட்டு வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு செடியின் இலைச்சாறு, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களைப் பெருகவிடாமல் நிறுத்தியிருந்தது. ஆனால் எந்தச் செடி என்று உறுதியாகச் சொல்லாமல் ஆய்வு ஓர் அடிகூட நகராது. அதைச் சொல்லப் பூ வேண்டும். அது பூப்பதோ ஆண்டுக்கு ஒருமுறை. இவையெல்லாம், வெறும் பலகைகளைப் பார்த்தபடி அத்தை அம்மாவிடம் சொன்னபோது என் காதில் விழுந்தவை. என்னை அவர் திட்டவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்தது பேப்பர்காரரின் கடை. எங்களைக் கண்டதும் அவர் முந்திக்கொண்டார்.

“இன்னாக்கா, எட ஏறணும்னு நடுவுல கீரைய வச்சி அனுப்புறீங்க?”

“அண்ணே, அது கீரை இல்ல. எங்க போட்டீங்க?”

“தோ, அந்தக் கோணில கீது. ஆட்டுக்குப் போடலாம்னு வச்சேன்.”

அத்தை தரையில் உட்கார்ந்து கோணியை மடியில் கவிழ்த்தார். ஒவ்வொரு கிளையிலும் நூலால் ஓர் அட்டை கட்டியிருந்தது. அவர் தேடிய கிளை கிடைத்தது, பூ இல்லை. பேப்பர்காரரும் குந்தி உட்கார்ந்தார். “எம்மாம் பெருசு?” என்றார். “கடுகு மாதிரி.” “கிழிஞ்சிது போ” என்றவர்தான் அரை மணி நேரம் கழித்து, கோணியின் மடிப்பிலிருந்து எதையோ விரல் நுனியில் ஒற்றி எடுத்தார்.

அத்தை தம் பையிலிருந்த லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கண்ணில் வைத்தார். கடுகு மறைந்தது. ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளி இழைகள், நடுவே செம்பு நிறத்தில் ஒரு கிண்ணம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் யாரோ அத்தனை நுணுக்கமாகச் செய்திருந்தார்கள். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“நான் நெனச்ச செடி இது இல்ல,” என்றார் அத்தை.

“அப்ப இது இன்னா செடிக்கா?”

“தெரியல அண்ணே. யாருக்குமே தெரியாதுன்னு நெனைக்கிறேன்.”

“அட, இம்மாம் நேரம் தேடினது வேஸ்டா?”

அத்தை சிரித்தார், கண்கள் நிறைந்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் அட்டையில் தாம் பென்சிலால் எழுதி வைத்திருந்த பெயரை ரப்பரால் அழித்தார். அந்த வெற்றிடத்தையே இரவு உணவுவரை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த அத்தைக்கு ஒரு பெயர் தெரியாமல் போயிற்றே, அதற்குக் காரணம் நான்தானே என்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வெற்றிடத்துக்காக மனிதர்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருப்பார்கள் என்பதை அறியும் வயதில்லை அது.

மறுநாள் காலை, எல்லோரும் ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அத்தையின் அறைக்குள் போனேன். எனக்குத் தெரிந்த பூக்களின் பெயர்களில் மிக அழகானதைத் தேர்ந்து, அந்த அட்டையில், அழியாதபடி பேனாவால், ‘செண்பகம்’ என்று எழுதி வைத்தேன்.