ஏழு கிலோவும் என் வலது தோளும்

பை வாங்குவதில் என்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்று தம்பட்டம் அடித்துக்கொள்வேன். இப்போதும் அடித்துக்கொள்கிறேன். நடுவில் ஒரே ஒரு முறை மூக்கு உடைபட்டது. உடைத்ததும் நானேதான்.

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துவது என் வேலை. தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பாபநாசம், வியாழக்கிழமை திருத்துறைப்பூண்டி, சனிக்கிழமை அதிராம்பட்டினம். பஸ் ஏறிப் போய், அங்கங்கே ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து பார்ப்பேன். கருவியைக் காதில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. லேப்டாப்போடு இணைத்து, அந்தக் காதுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு தேவையோ அவ்வளவு வைக்க வேண்டும். முதல் நாளே முழுச் சத்தத்தையும் திறந்துவிட்டால் மிரண்டுபோய்க் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஆகவே லேப்டாப், சோதனை மெஷின், ஹெட்போன், காதுக்கு அச்சு எடுக்கும் பசை, ஒயர்கள், என் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். ஏழு கிலோ.

லேப்டாப்போடு இலவசமாக வந்த பையில் இதையெல்லாம் திணித்து, ஒற்றைப் பட்டியில் வலது தோளிலேயே ஆறு வருடம் தொங்கவிட்டேன். கையைத் தூக்கித் தலை வார முடியாத நாள் வந்தது. டாக்டர் தோளை அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஒரு மாசம் பார்ப்போம்மா. குறையலைன்னா வெளியூரை நிறுத்திடலாம். வேணுங்கிறவங்க தஞ்சாவூருக்கு வரட்டும்" என்றார்.

என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் வர மாட்டார்கள். காது கேளாதவர் யாரும் காதுக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவதில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். எனக்கும் ஒரே நாற்காலி, ஒரே சுவர் என்றால் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் நேரே பைக்கடைக்குப் போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள கடை அது. கடைக்கார பாய் அதிராம்பட்டினத்துக்காரர், பல வருடம் துபாயில் பைக்கடையிலேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர். "வாங்கம்மா, காலேஜ் பிள்ளைக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஏழு கிலோவையும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பையாக உள்ளே நிரப்பி, இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, அவர் கடை மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பையின் வெளியழகைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நான் உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பேன். தோள்பட்டி பையோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டு அதற்குள் குறுக்கே தைத்திருக்க வேண்டும். பட்டி நாலு விரல் அகலம் வேண்டும். லேப்டாப் அறை பையின் அடிவரைக்கும் இறங்கக் கூடாது, இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் இடி லேப்டாப்புக்குத்தான். ஜிப்பைப் பத்து முறை இழுத்தேன். ஒன்பதாவது முறை மாட்டிக்கொண்ட பையை ஒதுக்கினேன்.

"துபாய்ல அரபிங்களே இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா" என்றார் பாய்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. முதுகுப் பக்கம் கெட்டிச் சட்டம், காற்றுப் போக வழி, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டி, இடுப்புக்கு ஒரு பட்டி. மாட்டினால் ஏழு கிலோ மூன்று கிலோவாகத் தெரிந்தது. நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பக்கத்து பஸ்ஸில் நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார். கேட்கக்கூட வேண்டாம், அவர்களே கை நீட்டுவார்கள். அன்றைக்கும் ஓர் அம்மா "குடுங்க, வச்சுக்கிறேன்" என்றார். நான் பெருமையாக, "பரவால்லங்க, கனமே தெரியல" என்றேன். எனக்குத் தெரியவில்லை, சரி. என் பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது. நான் திரும்பும்போதெல்லாம் பையும் திரும்பி யாரோ ஒருவர் முகத்தில் இடித்தது.

"அக்கா, ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு ஆள் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. கழட்டிக் குடுங்கக்கா" என்றார் கண்டக்டர்.

கழற்றி அந்த அம்மாவிடமே கொடுத்தேன். பை உட்காரவில்லை. சட்டத்தின் விளிம்பு அவர் முட்டியில் குத்தியது, உயரம் முகத்தை மறைத்தது. அவர் அடுத்தவரிடம் தள்ளினார், அவர் முன்சீட்டுக்கு. எவர் மடியும் ஏற்காமல் போய்க்கொண்டே இருந்து, டிரைவர் பக்கத்தில் கொதிக்கும் என்ஜின் மூடிமேல் போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டத்தின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டே நின்றேன், போய் எடுக்க வழியில்லை.

திருத்துறைப்பூண்டியில் இறங்கியபோது லேப்டாப் தொட முடியாத சூடு. திறந்தால் உயிர் வரவில்லை. அங்கே எனக்காக ஓர் அம்மாள் காத்திருந்தார். முப்பது வருடம் ரைஸ்மில்லில் மெஷின் பக்கத்தில் நின்று காது போனவர். கருவி மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, நேரில் கத்தினால் கேட்கும், போனில் ஒன்றும் புரியாது. நான் மருந்துக்கடை அட்டையை எடுத்து லேப்டாப்புக்கு விசிறினேன். அவரும் தன் முந்தானையால் விசிறினார். அரைமணி கழித்து உயிர் வந்தது. சத்தத்தை ஒரு படி கூட்டி அனுப்பினேன். போகும்போது, "அடுத்த மாசமும் நீங்கதானே டாக்டரம்மா வருவீங்க?" என்று கேட்டார். கேட்காததுபோல் ஒயரைச் சுருட்டினேன். காது கேளாதவர்களை வைத்துப் பிழைக்கிற நான் செய்த காரியம் அது.

திரும்பும் பஸ்ஸிலும் இடமில்லை. என்ஜினுக்குப் பயந்து பையை மாட்டியபடியே தஞ்சாவூர் வரை நின்றேன். எத்தனை பட்டி இருந்தால் என்ன, இரண்டு மணி நேரக் குலுக்கலில் தோள் பழையபடி தீயாக எரிந்தது. என் முதுகுக்கு மட்டும் பை வாங்கியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து இந்த பஸ்ஸில் போகிறவள், மடியை மறந்துவிட்டேன்.

மறுநாளே பாயிடம் போனேன். அந்தப் பையை ஹாஸ்டலில் இருக்கும் என் மகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது. "தப்பு உங்க பைமேல இல்ல பாய். ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காருங்க" என்றேன். அவர் புரியாமல் உட்கார்ந்தார். ஒவ்வொரு பையாக நிரப்பி அவர் மடியில் வைத்தேன். கடைக்கு வந்தவர்கள் வியாபாரத்தை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒன்று சரிந்தது. ஒன்றின் கொக்கி அவர் வயிற்றில் அழுத்தியது. ஐந்தாவது பை உயரம் குறைவு, அடி அகலம், முதுகுப் பக்கம் சட்டமில்லாமல் மெத்தென்று இருந்தது. தையலும் பட்டியும் என் கணக்குப்படியே. மடியில் வைத்ததும் பாய் இரண்டு கையையும் அதன்மேல் போட்டுக்கொண்டார்.

"இது நல்லா உக்காருதும்மா. இத வச்சுக்கிட்டு பட்டுக்கோட்டை வரைக்கும் தூங்கிட்டே போவலாம்."

அந்தப் பைதான். மாசம் முடியும்வரை எத்தனை மடி! கட்டுமானத் தொழிலாளி, பர்தா போட்ட கல்லூரிப் பெண், கல்யாணத்துக்குப் போகிற குடும்பம். தூக்கத்தில்கூட யாரும் அதை நழுவவிடவில்லை. நான் சுமந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து மருந்துக்கடை வரைக்கும்தான்.

டாக்டர் மறுபடி தோளை அழுத்தினார். கையை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"வலி?"

"கொஞ்சம் இருக்கு டாக்டர். தலை வார முடியுது."

"சரி, போயிட்டு வாங்க. மறுபடி கூடினா மறைக்கக் கூடாது" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் ரைஸ்மில் அம்மாளின் வீட்டுக்குப் போன் போட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை உடனே சொல்லியாக வேண்டும். எப்போதும் மகன்தான் எடுப்பார். அன்றைக்கு அந்த அம்மாளே எடுத்தார்.

"வியாழக்கிழமை நான்தான் வர்றேன்! நான்தான்!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ஏன் டாக்டரம்மா இப்படிக் கத்துறீங்க?" என்றார் அவர். "மெதுவாச் சொல்லுங்க. கேக்குது."