தலைக்குள் ஒரு குருத்து

என் தம்பிக்கு அடிபட்ட அன்று ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல்தான் இருந்தது. கங்கைகொண்டானில் வேலை முடிந்து நாலுவழிச்சாலையில் வந்தவன், குறுக்கே பாய்ந்த ஆட்டுக்காகப் பிரேக் பிடித்திருக்கிறான். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டிலும் கீறல் இல்லை. இவனுக்குத்தான் மண்டைக்குள் அடி.

நான் சும்மாவே பயந்தவன். வாய்க்கால் மடையை அடைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். "எண்ணே, பூட்டுன வீட்டையே தூக்கிட்டுப் போயிருவான்னு பயப்படுத ஆளு நீ" என்று அவன் கேலி பண்ணுவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எங்களை எல்லாம் அடையாளம் தெரிந்தது. பழைய கதை ஒன்று விடாமல் சொன்னான். புதிதாகத்தான் எதுவும் ஒட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் என் மனைவியிடம் "மதினி, சோறு வைக்கலியா?" என்பான். தினமும் காலையில் தலையைத் தடவிப் பார்த்து, "எண்ணே, எனக்கு என்னாச்சு?" என்று கேட்பான். நான் ஆட்டுக்கதையைச் சொல்வேன். "ஆடு தப்பிச்சிட்டா?" என்பான். அவன் பேச்சில் 'நேத்து' என்ற சொல்லே இல்லாமல் போயிருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவனுக்கு யார் தினமும் ஆட்டுக்கதை சொல்வார் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பாளையங்கோட்டையில் மூளைக்குப் பார்க்கிற டாக்டரம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஸ்கேன் படத்தில் காதுக்கு உள்பக்கமாக ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அன்றன்று நடக்கிறது பதிகிற இடமாம். வளர்ந்த மனுஷர் மூளையிலும் அங்கே ஸ்டெம் செல் இருக்கலாம், தமிழில் குருத்தணு என்றார். சும்மா கிடக்கிற அவை அடிபட்டதும் விழித்துக்கொண்டு புதிது புதிதாகப் பெருகுமாம். எலியில் பார்த்திருக்கிறார்கள், மனுஷரில் எந்த அளவுக்கு என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறதாம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் மண்டையில் இனி ஒன்றும் முளைக்காது என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"அப்ப சரியாயிரும்லா, டாக்டர்?"

"அங்கதான் சிக்கல். அவசரத்துல நெறைய முளைக்கும். சிலது எடம் மாறி நிக்கும், சிலது கோணலா கிளை விடும். அதனால வலிப்பு வருமோன்னு ஒரு சந்தேகமும் இருக்கு. பாதிக்குமேல செத்தும் போவும்."

எனக்கு வாழை தெரியும். காற்றில் தாய்மரம் ஒடிந்தால் சுற்றிலும் பக்கக்கன்று முட்டிக்கொண்டு வரும். எல்லாம் தார் போடாது. "அப்ப நல்லதா ஒண்ண விட்டுட்டு மத்தத கழிச்சிர வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "எத விடணும், எதக் கழிக்கணும்னு தெரியாமத்தான அண்ணாச்சி நாங்களும் முழிச்சிட்டிருக்கோம்? நடக்க வைங்க. தெனம் புதுசா ஒண்ணு காட்டுங்க. சரியாயிரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் தலை, முன்சீட்டில் தூங்கி விழுந்தவர் தலை. எத்தனை தலை, உள்ளே எத்தனை குருத்து!

மறுநாள் தோட்டத்துக்கு அவனையும் கூட்டிப் போனேன். "பைய நட, பைய நட" என்று சொல்லிக்கொண்டே. பக்கக்கன்று கழிக்கிற வேலை. அரிவாளை அவனிடம் கொடுக்கவில்லை.

"இதுக்கும் பயமா? நீ மாறவே மாட்ட எண்ணே."

நானே ஒரு கன்றைத் தரையோடு சீவினேன். வெள்ளையாகச் சொதசொதவென்று வெட்டுவாய். பொழுது சாயுமுன் திரும்ப அங்கே போனோம். வெட்டின இடத்தின் நடுவிலிருந்து வெளிர்பச்சையாகக் குருத்து எழும்பி நின்றது. வாழ்நாள் பூரா பார்த்ததுதான். அன்றுதான் குத்தவைத்துப் பார்த்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து அளந்தான். "ஒரு வெரக்கடை இருக்கு."

அடுத்த நாள் காலை எழுந்து தலையைத் தடவினான். நான் ஆட்டுக்கதைக்குத் தயாரானேன்.

"எண்ணே, நேத்து சீவுன கன்னு இப்ப எம்புட்டு வந்திருக்கும்?"

என் மனைவி காப்பியோடு அப்படியே நின்றுவிட்டாள். சட்டைகூடப் போடாமல் அவனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். ரெண்டு வெரக்கடை.

"வெட்டுனாலும் கேக்க மாட்டேங்கு பாரு" என்று சிரித்தான்.

புதிதாக முளைத்ததில் ஒன்று சரியான இடத்தில் பிடித்துக்கொண்டதா, பழையதுதான் தட்டுத்தடுமாறி எழுந்ததா, யாருக்குத் தெரியும்? பிடித்தது நிலைக்குமா என்று அங்கேயே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கன்றை மட்டும் கிழங்கோடு கிண்டி எடுக்க மனசு வரவில்லை. தாய்வாழையின் உரத்தைத் தின்றால் தின்னட்டும்.

திரும்பி வருகையில் வாய்க்கால் பாலத்தில் நின்று தலையைத் தடவினான்.

"எண்ணே, எனக்கு என்னாச்சு?"

ஆட்டிலிருந்து ஆரம்பித்தேன்.