எட்டு லிங்கம், எட்டுக் கட்டுரை

இங்கிலீஷ் காலின் வழியாகத்தான் உள்ளே ஏறும் என்று ஒரு கோடை முழுக்க நம்பியவன் நான். எழுபதுகளின் கடைசி. பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு. அந்த வயதில் நம்புவதற்கு இதைவிட மோசமான விஷயங்கள் எவ்வளவோ இருந்தன, அவற்றையும் நம்பினேன். ஆனால் என்னைக் கவிழ்த்தது இதுதான்.

நாங்கள் இலக்கியம் படித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடகத் தாள் என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு நாடகம் உண்டு. அந்த நாடகத்தை வகுப்பில் யாரும் படித்ததில்லை. பேராசிரியர் ஓரம் பழுத்துப்போன நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். விட்டுப்போனதைத் தேரடித் தெருவில் விற்கிற கைடிலிருந்து நிரப்புவோம். பிறகு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வோம். அந்த நாடகத்து ராஜா எந்த ஊர், அவனுக்கு எத்தனை பெண்டாட்டி என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அவன் வீழ்ச்சிக்கு ஆறு காரணங்கள் என்ன என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பழைய கேள்வித்தாள்களை ஜாதகம் மாதிரி விரித்துவைத்து, போன வருஷம் வந்தது இந்த வருஷம் வராது என்று கணித்து, எட்டுக் கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றும் நாலு பக்கம். எட்டும் உருப்போட்டாக வேண்டும். ஏனென்றால் என் தாய்மாமன் ஒரு மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்தார்.

காமர்ஸில் சேர்க்கச் சொன்னவர் அவர். கேட்காமல் இங்கிலீஷில் சேர்த்தவர் என் அப்பா. பையன் வாத்தியாராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மூன்று வருஷமாக அந்தச் சண்டை எங்கள் வீட்டில் ஆறவே இல்லை. கடைசிப் பரீட்சைக்கு முந்தின பொங்கலில் மாமா எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்.

"பாஸ் பண்ணா பி.எட். போவட்டும், நான் குறுக்க நிக்கல. ஒரு பேப்பர் போனாலும் மறுநாளே மண்டிக்கு வந்துடணும். இன்னா மாமா, சரிதானே?"

அப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் நான் என் காலேஜ் இருந்த திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன்.

நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தோம். அவன் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வாய் திறக்காமல் படிக்கிற ஜாதி. எனக்கோ கத்தினால்தான் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, அவர் இடுப்பில் கைக்குழந்தை. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உன் இங்கிலீசு ரொம்ப ஜாஸ்தியா போச்சு. கொழந்த தூக்கத்துல தூக்கிப் போடுது. கொஞ்சம் கம்மி பண்ணிக்கயேன்."

கம்மி பண்ணத் தெரியவில்லை. அதனால் கைடை எடுத்துக்கொண்டு மலை சுற்றும் பாதைக்குப் போய்விட்டேன். அப்போதெல்லாம் பௌர்ணமி தவிர்த்த நாட்களில் அந்தப் பாதையில் ஈ காக்காய் இருக்காது. விடியற்காலையில் எவ்வளவு கத்தினாலும் கேட்பதற்கு மலை ஒன்றுதான், அது யாரிடமும் போய்ச் சொல்லாது.

இரண்டாம் நாள்தான் அந்த அற்புத யோசனை உதித்தது. பாதையில் எட்டு லிங்கம். கையில் எட்டுக் கட்டுரை. இதைவிடப் பொருத்தம் யாருக்கு அமையும்? இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் வரை முதல் கட்டுரை, அங்கே ஒரு கும்பிடு. அக்னியிலிருந்து எம லிங்கம் வரை இரண்டாவது, அங்கே ஒரு கும்பிடு. இப்படியே நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். செருப்பில்லாமல்தான் சுற்ற வேண்டும் என்பதால் செருப்பும் கிடையாது. நாலாம் சுற்றில் கைடைத் திறக்காமலே மூன்று கட்டுரைகள் வந்தன. பத்தாம் சுற்றில் நான் ஒரு மேதை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

தோழனிடம் பெருமையடித்தேன். அவன் பாயை விட்டு எழவில்லை.

"நீ கால்ல படிக்கிறியா, மண்டையில படிக்கிறியாடா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எச்சரிக்கை ஒன்று நடுவிலேயே வந்தது. ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டில், வெள்ளைப் புடவை கட்டிய வெளிநாட்டு அம்மாள் ஒருவர் என்னை நிறுத்தி ஏதோ கேட்டார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருப்பார் என்பது இப்போது என் ஊகம். அன்றைக்கு என் வாயில் தயாராக இருந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்று. அதையே சொன்னேன். ராஜாவின் வீழ்ச்சி, காரணம் ஒன்று, காரணம் இரண்டு. அந்த அம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். ஆறாவது காரணம் வரைக்கும் பின்னாலேயே வந்து, எம லிங்கத்தில் என்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு, இன்னும் ஏழு மைல் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன்.

நாற்பது சுற்று. பாதத்தில் தார்க் கொப்புளம் காய்ந்து, அதன் மேல் இன்னொரு கொப்புளம். பரீட்சைக்கு முதல்நாள் நான் இருந்த நிலையில், கேள்வித்தாளைத் தயாரித்தவர் மேல் எனக்கு ஒரு பரிதாபமே வந்தது.

மறுநாள் தாளைப் பிரித்ததும் கத்திவிடலாம் போலிருந்தது. கட்டாயம் எழுத வேண்டிய நாலு கட்டுரைகளும் என் எட்டுக்குள்ளேயே வந்திருந்தன. முதல் கேள்வி வாயு லிங்கத்தினுடையது. பேனாவைத் திறந்து, கண்ணை மூடி, வாயு லிங்கத்தை நினைத்தேன். லிங்கம் வந்தது. பக்கத்துப் புளியமரம் வந்தது. மரத்தடியில் படுத்திருக்கும் செவலை நாய்கூட வந்தது. கட்டுரை வரவில்லை.

அப்போதுதான் விளங்கிற்று. நாற்பது சுற்றில் ஒரு நாளாவது நான் வாயு லிங்கத்தில் ஆரம்பித்ததுண்டா? வருண லிங்கத்திலிருந்து நடந்து வந்தால்தான் வாயு லிங்கம். வருணனுக்கு நிருதியிலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் இந்திர லிங்கத்திலிருந்து புறப்பட வேண்டும். பின்பக்கமாகப் போய்ப் பிடிக்கலாம் என்றால், அந்த மலையை யார் இடமாகச் சுற்றியிருக்கிறார்கள்?

வேறு வழியில்லை. இந்திர லிங்கத்திலிருந்து மனதுக்குள் நடக்க ஆரம்பித்தேன். முதல் கட்டுரை தாளில் கேட்கப்படவே இல்லை. ஆனாலும் அதை முழுக்கச் சொல்லி முடித்தால்தான் அக்னி வரும். அக்னியின் கட்டுரை கேட்கப்பட்டிருந்தது, எழுதினேன். எமன் கேட்கப்படவில்லை, சொல்லிக் கடந்தேன். அங்கே ஒரு டீக்கடை உண்டு, தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பன் தின்கிற இடம். பாவி மனது அங்கேயும் உட்கார்ந்து பன் தின்றது. இழுத்துக்கொண்டு நிருதிக்குப் புறப்பட்டேன்.

மேலே நகராமல் தடங்கியபோது செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கால்களை மாற்றி மாற்றி வைத்து நடந்து பார்த்தேன். கட்டுரை குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. அதே நேரத்தில் மேற்பார்வைக்கு வந்தவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, காலுக்கு அடியில இன்னா வச்சிருக்க?"

ஒன்றும் இல்லை சார் என்றேன்.

"தூக்கு. ரெண்டையும் தூக்கு."

முழு ஹாலும் பார்க்க இரண்டு பாதங்களையும் பெஞ்சு மேல் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். தாரும் கொப்புளமும்தான் இருந்தன. விரல் இடுக்குகளையும் பார்த்தார். இரண்டு வரிசை தள்ளி என் தோழன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தபடியே எழுதவும் செய்தான்.

அவர் நகர்ந்ததும் பார்த்தால், நான் எங்கே நின்றிருந்தேன் என்பது மறந்துவிட்டது. மறுபடி இந்திர லிங்கம்.

இரண்டாம் நடையில் நிருதியை எழுதி முடித்தேன். வருணனைச் சொல்லிக் கடந்து, மூச்சு வாங்க வாயு லிங்கத்தை அடைந்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பேன், மணி அடித்துவிட்டது. ஈசான்யக் கட்டுரையும் கேட்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஈசான்ய லிங்கத்துக்கு வரும்போது வெயில் ஏறிவிடும் என்பதால், தினமும் அங்கே டவுன் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். கடைசிக் கட்டுரையைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு படித்தேன். பஸ் வராமல் அது வராது.

முடிவு வந்த அன்று அப்பாவும் மாமாவும் சேர்ந்தே வந்திருந்தார்கள். மற்ற தாள்களெல்லாம் தேறியிருந்தன. நாடகத் தாளில் முப்பத்தாறு, தேற வேண்டியது நாற்பது. தோழனுக்கு அறுபத்தொன்று. அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நாற்பது சுற்றுக் கதையை என் மாமாவிடம் ஒன்று விடாமல் சொன்னான்.

மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் காலைத்தான் பார்த்தார். அப்பா சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். மறுநாள் காலை மண்டியில் கோணி ஊசியையும் சணலையும் கையில் கொடுத்து, மூட்டைகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார் மாமா.

"குந்து. வேலையில்லாத நேரத்துல அந்த நாடகத்த எடுத்துப் படி. எங்கயும் போவாத, ஒரே எடத்துல குந்து."

குந்தினேன். மல்லாட்டைத் தூசியில் தும்மிக்கொண்டே, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அக்டோபரில் மறுபடி எழுதினேன். நாற்பத்து நாலு. பி.எட். இடம் அடுத்த வருஷம் கிடைத்தது.