ஓக் மரத்தடியில் ரெண்டு பேர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு இந்த வெள்ளைக்காரர் நாட்டில், ரெய்னர்ஸ் லேனில் மூன்று கடை என்னுடையது. ஒருவரும் தூக்கித் தந்ததில்லை. சுவரில் மாட்டின படம் பார்க்கவும் நானாகத்தான் பழகினேன்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி முடிந்ததும் பக்கத்து மியூசியத்தில் போய் இருப்போம். உள்ளே சூடு, குந்தக் கதிரையும் உண்டு. எதிரே சுவரில் ஓர் ஓக் மரத்தின் படம். இருநூறு வருசத்துக்கு முன்னம் கீறியது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கொப்பியும் பென்சிலுமாகக் காடு மேடெல்லாம் திரிந்து, ராசாவைக் கீறுகிற மாதிரி மரத்தைக் கீறியிருக்கிறார்கள். மனிதர் அதன் காலடியில் எறும்பளவு.

பட்டையின் வெடிப்புக்கூடத் தெரியுது என்பாள். என் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது இலைக் குவியலும் கீழே இரண்டு கறுப்புப் புள்ளியும்தான்.

"இஞ்சாருங்கோ, மரத்துக்குக் கீழ ரெண்டு பேர். தொப்பி போட்ட குண்டன் நீங்கள். பக்கத்திலை குந்தியிருக்கிறது நான்."

"நானெண்டால் அதிலை ஒரு கடை போட்டிருப்பன்" என்பேன். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். இருந்தும் சிரிப்பாள்.

கண்ணிலை இருக்கிற வெள்ளையை வெட்டி எடுங்கோ என்று கரைச்சல் தந்துகொண்டே இருந்தாள். நீ சுகமாகு, பிறகு பார்ப்பம் என்றேன். மாசியில் போய்விட்டாள்.

பிறகுதான் வெட்டினேன். புதுக் கண்ணோடு அந்த ரெண்டு பேரையும் பார்க்கப் போனால், சுவரில் வேறு படம். வெளிச்சம் கடதாசியைத் தின்றுவிடுமாம். இருட்டில் ஓய்வுக்கு வைத்துவிட்டார்களாம். முன்கூட்டிக் கேட்டால் எவருக்கும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனாலும் நான் கதைத்த கதையில்தான் எனக்கு எடுத்துக் காட்டச் சம்மதித்தார்கள் என்று மகளுக்குச் சொன்னேன்.

அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெட்டை பெட்டியைத் திறந்து படத்தை முன்னால் வைத்தாள். பட்டை வெடிப்பு, இலை, தொப்பிக்காரன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவனுக்குப் பக்கத்தில் வெட்டின மரத்தின் அடிக்கட்டை.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அடிக்கட்டைதான். எத்தனை பேர் என்று அந்தப் பெட்டையைக் கேட்டேன். ஒருவன்தான் என்றாள்.

என் மனைவி கடைசிவரை கண்ணாடியில்லாமல் ஊசி கோர்த்தவள். கட்டையை ஆளென்று மாறிப் பார்க்கிற கண்ணில்லை.

"ரெண்டு பேர், பிள்ளை. வடிவாப் பார்" என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. பார்த்து முடிந்ததா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

பெட்டியை மட்டும் மெல்ல மூடச் சொன்னேன்.