பதினைந்தாவது நாள்

குளிர் நாடொன்றில் நம்மவர்கள் நிறைய வேலை பார்க்கும் அந்த மருத்துவமனையில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தது யார் என்று எட்டு வருடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஊழியர்களின் விடுப்பைக் கணக்கிடும் இணையப் பக்கத்துக்கு நிரல் எழுதியவர் அவர். மனைவி பூட்டிய கதவையே மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆசாமி மனிதர்களை நம்புவாரா? நிரலைத்தான் நம்புவார்.

சலவைக்கூடத்து இஸ்திரிக்காரம்மா மகளின் பிரசவத்துக்குப் பதினான்கு நாள் விடுப்பில் போய்த் திரும்பியிருந்தாள். திரையில் தேதி வராது, எண்ணிக்கைதான் வரும். அது பதினைந்து என்றது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவள் அவள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"பதினாலுதான் சார். வாசல் நோட்டைப் பாருங்க."

பார்த்தார். சொன்ன தேதியில்தான் கையெழுத்து இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாகப் பட்டது. முந்தின வரியில் நீல மை, இவளுடையது மட்டும் கறுப்பு. போதாக்குறைக்கு வாட்ச்மேன் அவளுக்குத் தம்பி முறை. நோட்டைத் திருத்தியிருக்கலாம் என்று மேலாளருக்கு எழுதி அனுப்பினார். தன் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது என்ற நிம்மதியில் டீயும் குடித்தார்.

மறுநாள் தன் விடுப்பைப் பார்த்தால், ஒன்பது நாள் போனவருக்குப் பத்து என்று காட்டியது. விடுப்பைப் பதிகிற குமாஸ்தா வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று கொதித்துப்போய், ஆதாரம் தேட நிரலைத் திறந்தார். தப்பு அதற்குள்ளேயே இருந்தது.

குளிர்காலம் தொடங்கும்போது அந்த நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் இருபத்தைந்து மணி நேரம். அவர் நிரலோ மொத்த மணியை இருபத்துநான்கால் வகுத்து, மிச்சம் ஒரு மணி இருந்தாலும் அதை முழு நாளாக ஏற்றிக்கொண்டது. அந்தச் சமயம் விடுப்பில் இருந்த எல்லோருக்குமே ஒரு நாள் கூடியிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலாளரிடம் ஓடித் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு எச்சரிக்கையை நிறுத்தினார். திருத்தக் கடிதத்தை அவரே எழுதி, ஆவி பறக்கும் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. என் கணக்குதான் தப்பு. உங்க மேல ஒண்ணுமில்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பின்பக்கம் புரட்டியும் பார்த்தாள்.

"நீங்க எழுதினதாச்சே சார்," என்றாள். "வீட்ல காட்டிட்டு நாளைக்குப் போடறேன்."